அருவிக்கு நாற்பத்து மூன்று விதிகள்

தென்காசி,
10-5-1961

அன்புள்ள மாப்பிள்ளை காந்திமதிநாதனுக்கு,

நம்பிராஜன் எழுதுகிறேன். நானும் குருவம்மாளும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறோம். பாங்காக் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, வயிறு எப்படி இருக்கிறது என்று குருவம்மாள் தினமும் கேட்கிறாள். எந்த ஊர்ப் பேச்சு எடுத்தாலும் அவளுக்கு முதல் கவலை வயிறுதான்.

தங்கை வள்ளித்தாய் சென்னையிலிருந்து டிரங்குப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். சுகமாக இருக்கிறாள். உங்களுக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள்.

உங்களால் ஒரு காரியம் ஆகவேண்டும். போன சீசனில் குற்றாலத்தில் ராயகிரி மிராசுதாரும் செங்கோட்டை மரக்கடைக்காரரும் ஒரே பாறையில் நிற்க இடம் கேட்டு, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் சண்டை போட்டதை அப்போதே எழுதியிருந்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அருவிக்கரை ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்று அமைத்திருக்கிறோம். லாட்ஜ் வைத்திருக்கும் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி தலைவர். கோர்ட்டில் எனக்குக் கேஸ் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகையால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

நேற்றுக் கூட்டத்தில் அண்ணாச்சி சொன்னார்: “உம்ம மாப்பிள்ளை உலகத்துக்கே சட்டம் எழுதிக் கொடுக்கப் போயிருக்காராமே வே. நம்ம அருவிக்கு நாலு எழுதி அனுப்பச் சொல்லும்.”

நாலு போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நம்பிராஜன்


பாங்காக்,
24-5-1961

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

காந்திமதிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். வயிறும் சுகம் என்று குருவம்மாள் அக்காவிடம் சொல்லவும்.

தங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. இங்கே ஒன்பது நாட்டு அதிகாரிகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அரசாங்கங்கள் விதிகளை எப்படித் தெளிவாக, தேவையான அளவில் மட்டும் செய்வது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் எங்கள் வேலை. ஒரு நாடு செய்து முடித்த தவற்றை இன்னொரு நாடு புதிதாகச் செய்ய வேண்டாம் என்பது நோக்கம். இதுவரை பேச்சாகவே போய்க்கொண்டிருந்தது. தங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துப் படித்தேன். எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. உண்மையான ஒரு அருவி, உண்மையான ஒரு கூட்டம். பரிசோதனைக்கு வேறென்ன வேண்டும்?

ஆளாளுக்குக் கொடுத்தார்கள். பொது நீரில் இறங்கும் முன் உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பான்காரர் மொரிதா கொடுத்தது. வரிசையும் டோக்கனும் மலாயாக்காரருடையவை. விசில் ஊதியதும் ஒரு கூட்டம் வெளியேறி அடுத்த கூட்டம் வரவேண்டும் என்றது பிலிப்பைன்ஸ்காரர். தலைவியாக இருக்கும் டென்மார்க் அம்மாள் மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. “இந்த அருவியை உங்களில் யார் பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். நான் கை தூக்கினேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை குளித்திருக்கிறேன் அல்லவா.

ஆக நாற்பத்து மூன்று விதிகள் இத்துடன் வருகின்றன. விதி பதினேழில் பெண்கள் குளிக்கும் நேரத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். உள்ளூர் வழக்கப்படி நிரப்பிக்கொள்ளவும்.

வள்ளி இன்னும் எழுதவில்லை. காரணம் புரியவில்லை. அவளுக்கு ஒரு சிரமமும் வைக்காமல்தான் புறப்பட்டேன். அவள் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த சமயத்தில் மாம்பலம் வீட்டைக் காலி செய்ய நானே ஏற்பாடு செய்தேன். அவள் பாடம் நடத்திய பள்ளிக்கு ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வாங்கி அனுப்பவும்.

தங்கள்,
காந்திமதிநாதன்


தென்காசி,
14-6-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. தென்காசித் தெருக்களிலேயே குளிர்ந்த காற்று அடிக்கிறது. சின்னவனுக்கு மட்டும் லேசான இருமல்.

விதிகளைக் கமிட்டியில் படித்தேன். படித்து முடிக்க இரண்டு காப்பி ஆயிற்று. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் எழுந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். விதி பதினேழைப் பற்றி அண்ணாச்சி சொன்னார்: “பொம்பளையாளு வெயிலு ஏறினப்புறம் குளிச்சாத்தான் சளி பிடிக்காது வே. பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டுன்னு போடும்.” மற்ற தலைகளும் ஆடின. போட்டுவிட்டேன்.

நாற்பத்து மூன்றையும் பலகையில் எழுதி அருவிக்குப் போகும் வழியில் நட்டிருக்கிறோம். பலகை ஒன்றில் அடங்கவில்லை. வெயில் மறைந்துவிட்டதென்று பழக்கடைக்காரர் சந்தோஷப்படுகிறார்.

பாறையில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலையாண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் தன் மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான். “சாமி, குளிக்கதுக்கு முன்னால நல்லாத் தேச்சுக் குளிக்கணும்னு போட்டிருக்காமே. அந்தக் குளிக்கு முன்னாலயும் ஒண்ணு உண்டுமா?” என்றான். மொரிதா அவர்களிடம் கேட்டு எழுதவும்.

வள்ளி சுகம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் சாயங்காலம்தான் வருகிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன், சொன்னாள். அதை அவளே எழுதுவாள் என்று நினைக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவள் மேசைமேல் வைத்தேன். மறுநாள் குருவம்மாள் அதை விரித்து அதன்மேல் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எப்படி அங்கே போயிற்று என்று இருவருமே சொல்லவில்லை.

நம்பிராஜன்


தென்காசி,
3-7-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதவேண்டியதாகிவிட்டது. உடம்புக்கு எல்லோரும் சுகம்தான். எனக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. கத்தியதால்.

முதலில் விசில். அருவிக்கு அடியில் நிற்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. காவலாள் வேல்சாமி கன்னம் வீங்க ஊதினான். யாரும் வெளியே வரவில்லை. சரியென்று சிவப்புக் கொடி காட்டச் சொன்னோம். தலையில் தண்ணீர் கொட்டும்போது எவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான்? பிறகு சுடலையாண்டியைச் சம்பளத்துக்கு வைத்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவரச் சொன்னோம். அவன் கையில் ஜென்மத்து எண்ணெய். பிடித்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நம் தலைவரே அருவியை விட்டு வரவில்லை. “விசில் கேக்கலையே வே. கேட்டா வரமாட்டனா?” என்கிறார். விசில் ஊதுவதற்கு முன்பே, அது கேட்காது என்று அவர் முடிவு செய்திருந்தார் என்பது என் சந்தேகம்.

பித்தளை டோக்கன்களைக் கரையில் இருக்கும் குரங்குகள் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டன. டோக்கன் இல்லாதவர் குளிக்கக் கூடாது என்பது விதி. அதன்படி இன்றைய தேதியில் குற்றாலத்தில் குளிக்கத் தகுதியுள்ளவை அவை மட்டுமே.

மொரிதா அவர்களின் விதிக்காக ஒரு குழாய் போட்டோம். அருவியில் இருந்த வரிசையைவிடக் குழாயடி வரிசை நீளமாகிவிட்டது. சாரல் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு, நனைவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

எண்ணெய் விவகாரத்தை எழுதவே கை கூசுகிறது. பாறையில் தேய்க்கக் கூடாது என்று விதி ஒன்பது சொல்வதால், தேய்ப்பவர்களைப் பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்பினோம். ராயகிரி மிராசுதார் உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெயோடு, கோவணத்தில், கடைத்தெரு வழியாக அருவிக்கு நடந்தார். எதிரே அவருடைய புதுச் சம்பந்தி குடும்பத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் என்ன செய்யமுடியும்?

இதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று உடனே எழுதவும்.

வள்ளி நன்றாக இருக்கிறாள். இந்தக் கதையெல்லாம் கேட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நம்பிராஜன்


பாங்காக்,
15-7-1961

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நான் சுகம். தொண்டைக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் குடிக்கவும்.

தங்கள் கடிதத்தைக் குழுவில் வைத்தேன். விதிகளில் குறையில்லை, நடைமுறைப்படுத்தியதில்தான் குறை என்று ஆரம்பித்தேன். சென்னைக் கோட்டைச் செக்ரடேரியட்டில் பத்து வருஷமாக இப்படித்தான் ஆரம்பித்துப் பழக்கம். டென்மார்க் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இந்த விதிகளைச் செய்யும் முன் குளிப்பவர்களில் யாரைக் கேட்டீர்கள்?” என்றாள். உள்ளூர்க் கமிட்டியைக் கேட்டோம் என்றேன். “அவர்கள் பேசியது சரி. குளித்தவர்கள் என்ன சொன்னார்கள்?” என்றாள்.

எனவே பொதுமக்களின் ஆட்சேபம் ஏதேனும் எழுத்து மூலம் வந்திருந்தால் அனுப்பவும். வராவிட்டால் கேட்டு வாங்கி அனுப்பவும்.

வள்ளி சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எழுத மட்டும் அவளுக்கு நேரமில்லையா? பகலில் எங்கே போகிறாள் என்று தாங்கள் எழுதவில்லை. கோவிலுக்கு என்றால் அவ்வளவு நேரம் ஆகாதே. பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் இன்னொரு பிரதி இத்துடன் இருக்கிறது. மாவு படாமல் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்,
காந்திமதிநாதன்


தென்காசி,
27-7-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தொண்டை தேவலை. குழந்தைகளும் நலம்.

ஆட்சேபத்தைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை. அதுவே வந்துவிட்டது. போன ஞாயிறன்று விடியும் முன்னே அச்சன்புதூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் குளிக்க வந்தார்கள். வேல்சாமி விதி பதினேழைக் காட்டி, பதினொரு மணிக்கு வரச் சொன்னான். அவர்கள் திரும்பிப் போகவில்லை. வேனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

முன்னால் நின்றது ஜாஹிரா பீவி. வீட்டில் தறி ஓடுகிறது. மகள் இங்கே தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். “அண்ணாச்சி, நாங்க கருக்கல்ல வந்தாத்தான் வீட்ல ஆளு எந்திரிக்கதுக்குள்ள திரும்ப முடியும். பதினோரு மணிக்கு நாங்க இங்கன நின்னு குளிச்சா அங்கன சோறு யாரு ஆக்குதா? உங்க கமிட்டியா?” என்றாள்.

“உங்க நல்லதுக்குத்தாம்மா போட்டோம். சளி பிடிக்கும்னு…” என்றேன்.

“எனக்குச் சளி பிடிச்சா எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அவர்களோடு அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி இருந்தாள். இந்த ஜூனில்தான் வேலையில் சேர்ந்தவள். எல்லோரும் சொல்லச் சொல்ல அவள் என் ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்து, என் தாளை எடுத்து எழுதி, என் கையிலேயே கொடுத்தாள். நகல் அனுப்பியிருக்கிறேன். சில வரிகள்:

‘இந்த விதிகளால் குளிக்க முடியாமல் போனவர்களில் ஒருவர்கூட, இவை எழுதப்பட்ட இடத்தில் இல்லை. பதினொரு மணி எங்களுக்கு உலை கொதிக்கும் நேரம். கமிட்டி அங்கத்தினர்கள் அந்த ஒரு மணி நேரம் எங்கள் அடுப்புகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் விதி பதினேழுக்கு எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் நல்லதற்குத்தான் செய்தோம் என்கிறீர்கள். எங்களுக்கு எது நல்லது என்று எங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் இத்தனை பலகை தேவைப்பட்டிருக்காது.’

அந்த டீச்சரின் பெயரை நகலில் போடவில்லை. போடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வள்ளி சௌக்கியம். வேலை அதிகம்.

நம்பிராஜன்


பாங்காக்,
9-8-1961

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நலம். மிகவும் நலம். இங்கே வந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் பேனா எடுத்ததில்லை.

அந்த ஆட்சேப மனுவை ஒரே இரவில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குழுவில் படித்தேன். அடுப்பைப் பற்றிய வரி வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரி வந்ததும் மொரிதா எழுந்து, தன் விதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிக் குனிந்து வணங்கினார். ஒன்பது நாடுகளும் சேர்ந்து வெளியிடப்போகும் அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தைப் போடுவதென்று டென்மார்க் அம்மாள் முடிவு செய்துவிட்டாள். எங்களையெல்லாம் கேட்டுவிட்டுத்தான்.

மச்சான், யார் அந்த ஆசிரியை? இத்தனை தெளிவாக யோசிக்கும் ஒருவரை நான் என் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. கோட்டையில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் எங்கள் ஃபைல்கள் பாதியாகியிருக்கும். அவர் பெயரையும் விலாசத்தையும் அனுப்பவும். குழுவின் சார்பில் அவரிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்: விதி செய்கிறவர்கள் செய்யும் முதல் தவறு எது? பதிலை அறிக்கையில் சேர்ப்போம்.

இன்னொன்று. அந்த அம்மாளை வள்ளிக்கு அறிமுகம் செய்துவைக்கவும். வீட்டிலேயே இருப்பவளுக்கு நாலு உலக விஷயம் தெரிய வரட்டும். பழகப் பழக அவளுக்கும் கொஞ்சம் தெளிவு வரும்.

தங்கள்,
காந்திமதிநாதன்


தென்காசி,
21-8-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் இதைப் படித்து முடித்தபின் நலமாக இருக்க வேண்டும் என்று குருவம்மாள் சாமிக்கு விளக்கேற்றியிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். அது என் தவறு. ‘என் வாழ்க்கையில் சந்தித்ததில்லை’ என்ற இடத்தில் குருவம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். கல்லில் கிடந்த தோசை கரிந்தது. ‘கொஞ்சம் தெளிவு வரும்’ என்ற இடத்தில் அவள் தோசைக் கரண்டியோடு அடுக்களையை விட்டே வெளியே போய்விட்டாள்.

வள்ளி சிரிக்கவில்லை. கடிதத்தைக் கொடு என்று வாங்கி, மெதுவாகப் படித்தாள். பிறகு சொன்னாள்:

“அவுக கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிக்கோ அண்ணே. விதி செய்யுதவங்க முதல் தப்பை ஆபீஸ்ல செய்யுறதில்ல. வீட்ல செஞ்சு பழகிட்டுத்தான் ஆபீஸுக்குக் கொண்டுபோறாங்க.”

மாப்பிள்ளை, நான் வக்கீல். கட்சிக்காரர் சொல்லாதே என்றதைச் சொல்லாமல் இருந்து பழகியவன். ஆனால் இதற்குமேல் தாங்காது. நீங்கள் பெயர் கேட்ட டீச்சர் வள்ளித்தாய்தான். ஜூனிலிருந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் எடுக்கிறாள். முதலிலேயே உங்களுக்குத் தெரிவிக்கலாமே என்று சொன்னேன். “அவுகளுக்குத் தெரிஞ்சா இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு ராஜினாமாக் கடுதாசி வந்திரும்” என்றாள்.

சென்னையிலே நடந்ததை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னாள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். இவள் வகுப்பில் வேறொரு டீச்சர் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாளாம். பிள்ளைகள் எழுந்து, ‘போயிட்டு வாங்க டீச்சர்’ என்று சொன்னார்களாம். எங்கே போகிறோம் என்று இவளுக்கே அப்போது தெரியாது. இதை நான் குறையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நம்பிராஜன்


தென்காசி,
8-9-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரிகூட வராததால் சுகத்தை விசாரித்து எழுதுகிறேன். கோபமென்றால் கோபம் என்று எழுதிவிடுங்கள். குருவம்மாள் இரண்டு வாரமாகத் தோசை வார்க்கும்போது சிரிப்பதே இல்லை.

அருவிச் செய்தி நல்ல செய்தி. கமிட்டிக் கூட்டத்தை அருவிக்கரையிலேயே போட்டோம். ஜாஹிரா பீவி வந்தாள், சுடலையாண்டி வந்தான், பழக்கடைக்காரரும் வந்தார். மிராசுதார்கூட வந்தார், இந்தத் தடவை வேட்டி கட்டிக்கொண்டு. பேசப் பேச விதிகள் உதிர்ந்து ஐந்தில் வந்து நின்றன. விடியற்காலை பெண்களுக்கு. எண்ணெய்க்குக் கீழ்ப்பாறை, அங்கிருந்து நேரே தண்ணீருக்குப் போக ஒரு கயிறு. கயிறு சுடலையாண்டியின் யோசனை, அதைக் கட்ட இடம் சொன்னது ஜாஹிரா பீவி. அண்ணாச்சி முதலில் முறைத்தார். “எல்லாரையும் கேட்டா நாம எதுக்கு வே கமிட்டி?” என்றார். கேட்பதற்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். வள்ளி இல்லை, அவள் அன்று வகுப்பில் இருந்தாள்.

இப்போதும் சண்டை வருகிறது. வேட்டி அவிழும் அளவுக்கு இல்லை.

உங்களைப் பற்றி அவள் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் தபால்காரர் அய்யாக்குட்டி நம் தெருவுக்குள் வரும் நேரத்தில் வாசலில் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொள்கிறாள். போன வாரம், குருவம்மாள் போட்டிருந்த கோலத்தின் மேலேயே இன்னொரு கோலம் போட்டாள்.

நம்பிராஜன்


பாங்காக்,
12-9-1961

அன்புள்ள வள்ளிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. மச்சானுக்கு இதுவரை சுகம் சுகம் என்று எழுதிவந்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அக்காவுக்குத் தெரிந்தால் விளக்கோடு நிற்காமல் விரதமும் ஆரம்பித்துவிடுவார்கள்.

உனக்குப் பல கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். எழுதி முடித்துப் படித்தால் ஒவ்வொன்றிலும் நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். வேறு மாதிரிக் கடிதம் எழுத எனக்குத் தெரியவில்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த ஆசிரியை என் மனைவி என்றதும் எல்லோரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மலாயாக்காரர் எழுந்துவந்து கை குலுக்கினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது டென்மார்க் அம்மாள், “அப்படியானால் பாங்காக் வருவதைப் பற்றி அவள் தெளிவாக ஏதாவது சொல்லியிருப்பாளே. என்ன சொன்னாள்?” என்று கேட்டாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சட்டசபைக் கேள்விக்குக்கூட அப்படி நின்றதில்லை. கடைசியில், நான் கேட்கவில்லை என்றேன். சுருக்கெழுத்துக்காரி அதையும் எழுதிக்கொண்டாள். ஒன்பது நாட்டு ஃபைலிலும் இப்போது அது இருக்கிறது.

உன் வகுப்பில் வேறொருத்தி நின்றாள் என்று மச்சான் எழுதியிருந்தார். அந்தக் காட்சி எனக்குத் தோன்றவே இல்லை, வள்ளி. உன் வேலை என்றால் ஒரு கடிதத்தில் முடிவது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு இங்கே இன்னும் ஒன்றரை வருஷ வேலை இருக்கிறது. இது தகவல் மட்டும். இதற்கு நீ என்ன செய்யவேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. கேட்க மட்டும் செய்கிறேன். உனக்கு என்ன விருப்பம்?

பதிலுக்குத் தேதி எதுவும் வைக்கவில்லை.

காந்திமதிநாதன்


தென்காசி,
25-9-1961

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளித்தாய் எழுதுகிறேன். உடம்புக்கு நான் நலம். உங்கள் உடம்பைப் பற்றி மதினியிடம் சொல்லவில்லை. இரவில் சோற்றைத் தண்ணீர் விட்டு வைத்துக் காலையில் சாப்பிடுங்கள். அங்கே கிடைக்கும் அரிசியிலும் அது வரும். இதை உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயிறு உங்களுடையது.

நீங்கள் கேட்டதற்கு உடனே பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு என்ன பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தால் விளக்கு வைப்பதற்குள் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். அது சித்திரை மாதத்திலிருந்தே மனப்பாடமாக இருக்கிறது. என்ன விருப்பம் என்று நீங்கள் மட்டுமல்ல, அப்பா, அண்ணன் யாருமே என்னைக் கேட்டதில்லை. அதனால் பதில் கைவசம் இல்லை. புதிதாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கும்போது சில நேரம் சந்தோஷமாகவும் சில நேரம் பயமாகவும் இருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது தெரியும். நீங்கள் மெலிந்துபோனது பிடிக்கவில்லை. அதுவும் தெரியும். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் ஆசியாப் படத்தை மாட்டி, நீங்கள் இருக்கும் சயாம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். ஜாஹிரா பீவியின் மகள் எழுந்து, “டீச்சர், நீங்க அங்கன போயிருக்கீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இன்னும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். அந்த ‘இன்னும்’ எங்கிருந்து வந்தது என்று வகுப்பு முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதற்குள் சயாமைத் தாண்டிச் சீனாவுக்குப் போய்விட்டார்கள்.

பரீட்சைத் தாள்கள் திருத்தக் கிடக்கின்றன. தசராவுக்குப் பள்ளிக்கு லீவு. முடிந்தால் நீங்கள் அப்போது வாருங்கள். அண்ணனும் மதினியும் சந்தோஷப்படுவார்கள். எனக்கும் பேச வேண்டியது இருக்கிறது, கடிதத்தில் அடங்காதது.

வரும்போது திரும்பிப் போக உங்களுக்கு ஒரு டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்னொன்று வேண்டுமா என்று இங்கே வந்து என்னிடம் கேளுங்கள்.

வள்ளித்தாய்